தகடூர் நாட்டு நீரும் துன்பக் கோட்பாடும்

பிறந்த உடல் நோயுறுதல் திண்ணம் என்னும் எண்ணம் தமிழ் அற இலக்கியத்தில் ஆழ வேரூன்றியது. நாலடியார் யாக்கை நிலையாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தது. மணிமேகலை பிறப்பையே துன்பத்திற்கு வாயிலாகக் கண்டது. மேலை மெய்யியலில் சோப்பன்ஹவர் இக்கருத்தை முன்வைத்தார். அண்மைக் காலத்தில் டேவிட் பெனட்டார் 2006இல் வெளியிட்ட நூலில், துன்பம் இன்மை அதை நுகர்வார் எவரும் இல்லாதபோதும் நன்றே என்றும், இன்பம் இன்மை அதனை இழப்பார் ஒருவர் இருந்தாலன்றித் தீதாகாது என்றும் வாதிட்டுப் பிறவாமையே மேல் என முடித்தார். இவ்வாதங்களில் நோய் பெரும்பாலும் மனித உடலின் பொதுத்தன்மையாகவே பேசப்படுகிறது. எந்த ஊர் நீரைப் பருகிய உடல் என்னும் வினா எழுவதில்லை. அவ்வினாவை எழுப்பும் நிலம் தருமபுரி.

இம்மாவட்டத்தின் கடினப் பாறைகளிலுள்ள கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கத்தக்கது என்றும் இந்தியத் தர அளவை கூறுகிறது. அதனை மிகுந்த நீரைப் பற்கள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் பருகியோர்க்குப் பற்களில் கறை படிகிறது. அது வாழ்நாள் முழுதும் நீங்காது. பல்லாண்டுகள் மிகுதியாகப் பருகியோர்க்கு எலும்பு இறுகி, மூட்டுகள் மடங்காமல், முதுகு வளையவும் கூடும். நீரைக் காய்ச்சுவதால் பயனில்லை. வற்றுமளவிற்கு ஃபுளோரைட்டின் செறிவு கூடவே செய்யும். இறுகிய எலும்பை மீட்கும் மருந்தும் இல்லை. சென்னை மாகாணத்தின் அன்றைய நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் 1937இலேயே மருத்துவ ஆய்விதழில் பதிவாயிற்று. ஆயினும் ஓர் ஊரின் ஆழ்துளைக் கிணற்று நீர் வரம்பு மீற, அயலூர்க் கிணற்று நீர் அவ்வாறு மீறாதிருத்தல் உண்டு. வாழ்நாள் நோய் வாய்ப்பு ஈண்டு உடலின் இயற்கையால் மட்டும் அமைவதன்று, கிணற்றாலும் அமைகிறது.

இந்நோக்கில் பக்குடுக்கை நன்கணியாரின் புறநானூற்றுப் பாடலை (194) மீண்டும் படித்தல் தகும். ஒரு வீட்டில் சாப்பறை, மற்றொரு வீட்டில் மணமுழவு. இவ்வாறு உலகைப் படைத்தவனைப் புலவர் பழிக்கிறார். உலகியலை ஏற்று அமைதி கொள்ளச் சொல்லும் பாட்டாகவே இதனைக் கொள்வர். என் கருத்தில் புலவரின் சினம் துன்பம் உளதாதல் மீது மட்டும் எழுந்ததன்று. ஒரே பொழுதில் இரு வீடுகளுக்கு அது வேறுவேறாகப் பங்கிடப்பட்டமை மீதும் எழுந்தது. எல்லார்க்கும் ஒப்ப வருவது துன்பம் எனில், இரு வீடுகளை அருகருகே நிறுத்த வேண்டிய தேவையே இல்லை.

மணிமேகலையின் காயசண்டிகை கதையும் இவ்வேறுபாட்டை அறிந்ததே. முனிவர் சாபத்தால் பன்னிரண்டு ஆண்டுகள் யானைத்தீ என்னும் பெரும்பசியால் வருந்தியவளின் நோயை அமுதசுரபியின் உணவு தீர்த்தது. ஆயினும் தன் ஊர் நோக்கி வான்வழிச் சென்றவள் விந்தமலையைக் கடக்கையில் உயிரிழந்தாள். நோய் தீர்ந்தது, இறப்புத் தீரவில்லை. பிறப்பைத் துன்பம் எனக் கொண்ட காப்பியமே, நீக்கத்தக்க துன்பத்தை நீக்காமல் விடவில்லை.

தகடூர் என்றதும் நெல்லிக்கனி நினைவுக்கு வரும். அதியமான் அதனைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்ததைப் புறநானூறு (91) போற்றுகிறது. அக்கனி ஒருவர்க்கே உரியது. ஈகையின் பெருமையும் அந்த அருமையில் உள்ளது. குடிநீரை அவ்வாறு கொள்ளவியலாது. காவிரி நீரைத் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டத்திற்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சப்பான் நாட்டுக் கடனுதவியுடன் அமைந்த அது 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது.

பெனட்டாரின் வாதம் இடறுவதும் இங்கேதான். துன்பம் இன்மை நன்று என்பதை மறுக்கவேண்டியதில்லை. அது பிறவாதார்க்கே முழுதும் வாய்க்கும் என்பது உண்மையாயினும், நல்ல நீர் தொடர்ந்து கிடைத்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் ஒரு துன்பத்தின் இன்மை வாய்த்துள்ளது. தனக்கு நேராதது இன்னதென அக்குழந்தை அறியாது. அதே வீட்டில், குழாய் வருமுன்பே முதுகு வளைந்துவிட்ட பாட்டிக்கு யாக்கை நிலையாமைப் பாடல்கள் உரைப்பன இன்றும் பொருந்துகின்றன.