கொள்ளளவிலிருந்து எடை காணல்

மைசூர் இல்லங்களில் அரிசியைப் 'பாவு' என்னும் அளவால் அளக்கும் வழக்கம் இன்றும் உண்டு. நான்கு பாவு ஒரு சேர் எனப்படும். தமிழ்நாட்டில் ஆழாக்கும் படியும் இப்பணியைச் செய்கின்றன. எட்டு ஆழாக்கு ஒரு படி. சேர் என்னும் பெயரோ எடைக்கும் வழங்கிற்று. 80 தோலா கொண்ட எடைச் சேர் ஏறத்தாழ 933 கிராம் ஆகும். ஒரே பெயர் இரண்டு அளவைகளுக்கு வழங்கியதால் குழப்பம் நேர்ந்ததில் வியப்பில்லை.

1956-ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கடையில் கிலோகிராம் நிலைபெற்றது. சமையலறையில் முகத்தல் அளவை நீங்கவில்லை. ஆனால் உணவுச் சத்து அட்டவணைகள் 100 கிராம் பொருளுக்கே கணக்குத் தருகின்றன. ஆகவே, களப் பணியாளர் முகந்ததை எடையாக மாற்ற அறிந்திருத்தல் வேண்டும்.

எடை ஏன் வேறுபடுகிறது?

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஏறத்தாழ 1 கிலோகிராம். அரிசி மணி தண்ணீரில் மூழ்குவதால் அது நீரினும் கனமானது என்பது தெளிவு. எனினும் ஒரு லிட்டர் அரிசி 800 முதல் 850 கிராமே இருக்கும். மணிகளுக்கிடையே காற்று நிற்பதே இதற்குக் காரணம். தளர்வாகப் பெய்த கோதுமை மாவு லிட்டருக்கு 500 முதல் 600 கிராம், சர்க்கரை ஏறத்தாழ 850, எண்ணெய் 920, பொடி உப்பு 1,200. மாவுப் பாத்திரத்தைத் தட்டினால் காற்று வெளியேறி, அதே பாத்திரத்தில் மிகுதியான மாவு அடங்கும்.

சோதனை

1. வெறும் பாத்திரத்தை நிறுத்துக்கொள்க. விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி மீண்டும் நிறுக்க. கிராமில் வரும் வேறுபாடே, மில்லிலிட்டரில் அதன் கொள்ளளவாகும்.

2. பாத்திரத்தை நன்கு உலர்த்துக. தானியத்தைக் குலுக்காமல் பெய்து, நேரான அளவுகோலால் தலைதட்டி நிறுக்க. குவித்து அளத்தல் கூடாது. குவியல் ஆளுக்கு ஆள் மாறும்.

3. மும்முறை செய்து சராசரி காண்க. தானியத்தின் எடையைக் கொள்ளளவால் வகுத்தால் ஒரு மில்லிலிட்டரின் எடை கிடைக்கும். தானிய வகை மாறினால் சோதனையைத் திரும்பச் செய்க.

ஓர் எடுத்துக்காட்டு

பள்ளி மதிய உணவுக்கான மத்திய அரசின் விதிப்படி, தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியமும் 20 கிராம் பருப்பும் உரியன. 60 குழந்தைகளுக்கு வேண்டிய அரிசி 6 கிலோகிராம். ஒரு லிட்டரை ஒரு கிலோகிராம் எனக் கருதிச் சமையற்காரர் 6 லிட்டர் முகந்தார் என்போம். அவ்வரிசியின் ஒரு லிட்டர் 800 கிராம் எனில், உலையில் விழுவது

6 × 0.8 = 4.8 கிலோகிராம்.

குழந்தை ஒன்றுக்குக் கிடைப்பது 80 கிராமே. எவரும் களவாடாமலே ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. சரியாக முகக்க வேண்டிய அளவு

6 ÷ 0.8 = 7.5 லிட்டர்.

எடையை நாடும்போது பெருக்குதலும், கொள்ளளவை நாடும்போது வகுத்தலும் வேண்டும் என்பதை மாணவர் இதனால் உணர்வர்.

உப்பில் பிழை எதிர்த்திசையில் நேரும். ஊறுகாய் கெடாதிருப்பதற்கு உப்பின் எடை விகிதம் முக்கியம். கல்லுப்பு மணிகளுக்கிடையே இடைவெளி மிகுதியாதலால், பொடி உப்புக்குச் சொன்ன கரண்டிக் கணக்கைக் கல்லுப்புக்குக் கொண்டால் உப்புக் குறைந்து பூஞ்சணம் பற்றக்கூடும்.

பயிற்சி

தலைதட்டிய ஒரு தம்ளரில் 160 கிராம் அரிசி கொள்ளும். உயர் தொடக்க வகுப்புக் குழந்தைக்கு 150 கிராம் வீதம் 48 பேருக்கு எத்தனை தம்ளர் வேண்டும்? (விடை: 45.)

சோதனை முடிந்ததும், பாத்திரத்தின் மேல் அதில் அடங்கும் தானியத்தின் பெயரையும் எடையையும் எழுதி வைக்க. தராசு இல்லாத நாளிலும் அக்குறிப்புக் குழந்தையின் பங்கைக் காக்கும்.