கேம் மாற்றினால் ஹெட்டையும் கவனி!
(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர், விஸ்வநத்தம்)



எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா பயர் ஆபீஸில் திரி வைக்கிற வேலை பார்க்கிறாங்க. மலருக்கு முதன்முதலாக எழுதும்போது ஏதாவது சாதனையைப் பற்றி எழுதணும்னுதான் ஆசை. ஆனால் நான் கெடுத்த ஒரு சிலிண்டர் ஹெட்டைப் பற்றி எழுதினால்தான் உங்களுக்கு உபயோகம் என்று தோன்றுகிறது.

விடுமுறையில் ஒரு பட்டறையில் வேலை பழகினேன். அங்கே ஒரு பழைய புல்லட் 350 வந்தது. 1955 முதல் சென்னை திருவொற்றியூரில் செய்யப்பட்ட வண்டி வகை. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., மொத்தம் 346 சி.சி. (நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்!) இன்லெட்டுக்கு ஒரு கேம், எக்ஸாஸ்ட்டுக்கு ஒரு கேம், புஷ்ராடு வழியாக ராக்கர் ஆடும். வண்டிக்காரர் கையோடு ஹை-லிப்ட் கேம் கொண்டு வந்திருந்தார். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்திலும் சரி, 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ரேஸ் டிராக் வந்த பிறகும் சரி, என்ஜினை 'டியூன்' பண்ணுகிறவர்கள் கை வைக்கும் இடங்களில் கேமும் ஒன்று.

ஹை-லிப்ட் எதற்கு?

வால்வு திறக்கும்போது அதன் விளிம்பைச் சுற்றி உள்ள இடைவெளி வழியாகத்தான் காற்று போகணும். அந்தப் பரப்பு = 3.14 × வால்வு விட்டம் × லிப்ட். 40 மி.மீ. வால்வு 8 மி.மீ. திறந்தால் சுமார் 1005 ச.மி.மீ.; 9.5 மி.மீ. திறந்தால் 1193 ச.மி.மீ. ஆனால் 40 மி.மீ. வட்டத்தின் பரப்பே 1256 ச.மி.மீ.தான். அதாவது லிப்ட், விட்டத்தில் கால் பங்கை (இங்கே 10 மி.மீ.) தொட்டுவிட்டால், அதற்கு மேல் தூக்குவதில் லாபம் குறைந்துகொண்டே போகும். இன்னொன்று: இப்படிப்பட்ட கேம்கள் பெரும்பாலும் வால்வை அதிக நேரமும் திறந்து வைக்கும். அதனால் மேல் வேகத்தில் சக்தி கூடும், கீழ் வேகத்தில் இழுவை குறையும். சந்தைக்குப் போய் வருகிற வண்டிக்கு இது தேவையா என்று முதலில் யோசிக்கணும்.

மூன்று இடைவெளிகள்

கேம் உள்ளே போய்விட்டது என்பதற்காக வேலை முடிந்துவிடாது. மூன்று இடத்தில் இடம் இருக்கிறதா என்று அளக்கணும்.

1. ஸ்பிரிங் முட்டுதல். உதாரணமாக, வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் உயரம் 36 மி.மீ., சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் உயரம் 26 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பழைய கேம் 8 மி.மீ. தூக்கினால் மிச்சம் 2 மி.மீ. புதுசு 9.5 தூக்கினால் மிச்சம் அரை மி.மீ.தான். பொதுவாக 1.5 மி.மீ.யாவது வேணும். ஆகவே ஹெட்டில் ஸ்பிரிங் உட்காரும் குழியை 1 மி.மீ. ஆழப்படுத்தணும்.

2. காலர், வால்வு கைடு மீது இடித்தல். இங்கேயும் 1.5 மி.மீ. இடைவெளி வேணும். கைடுக்கு சீல் இருந்தால் சீலின் உச்சியிலிருந்து அளக்கணும். குழியை வெட்டிவிட்டால் இதுவும் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன், தப்பு! குழி இறங்கினாலும் கைடின் உயரம் அப்படியேதான் இருக்கும். கைடின் தலையைத் தனியாகக் குறைக்கணும்.

3. வால்வு, பிஸ்டனில் முட்டுதல். முழு லிப்ட்டில் பிஸ்டன் கீழே போயிருக்கும். ஆபத்து அங்கே இல்லை. எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்லெட் திறந்துகொண்டும் இருக்கும் நேரத்தில், டி.டி.சி.க்குச் சற்று முன்னும் பின்னும்தான் இரண்டும் நெருங்கும். பிஸ்டன் தலையில் எண்ணெய் தடவிய களிமண் வைத்து, கேஸ்கட்டோடு ஹெட்டை முறையாக முடுக்கி, கிராங்கைக் கையால் மெதுவாக இரண்டு முழுச்சுற்று சுற்றி, கழற்றி, களிமண்ணை பிளேடால் வெட்டி மெல்லிய இடத்தை அளக்கணும். இன்லெட்டுக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மி.மீ. வைப்பது வழக்கம். சூட்டில் அதிகம் நீளுவது எக்ஸாஸ்ட் வால்வு என்பதால் அதற்குக் கூடுதல்.

லிப்ட் எவ்வளவு என்று கேம் பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பாமல், காலர் மேல் டயல் காஜ் வைத்து நாமே அளப்பது நல்லது.

நான் செய்த தப்பு

கணக்கெல்லாம் சரியாகப் போட்டேன். 1 மி.மீ. வெட்டணும், அவ்வளவுதானே என்று டிரில்லிங் மெஷினில் ஹெட்டை மாட்டினேன். டெப்த் ஸ்டாப்பை இறுக்கவில்லை. கண் பார்வையிலேயே இறக்கினேன். அலுமினியம் வெண்ணெய் மாதிரி போனது. திடீரென்று சத்தம் மாறியது. குழியின் அடியில் ஒரு ஓட்டை. கீழே இன்லெட் போர்ட் தெரிந்தது.

அண்ணாச்சி திட்டவில்லை. "தம்பி, வெட்டினதை எடுத்து ஒட்ட முடியாதுல்ல?" என்று மட்டும் கேட்டார். வேறு ஹெட் வாங்க ஆன செலவில் பாதி என் பொறுப்பு. அம்மா சீட்டுப் பணத்தில் எடுத்துக் கொடுத்தாங்க. கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி: "ஏய்யா, எங்க ஆபீஸ்ல மருந்தைக் கண்ணால அளந்து போட்டா என்ன ஆகும்?" எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத வீடு கிடையாது.

இரண்டாம் முறை

* முதலில் கெட்ட ஹெட்டையே ரம்பத்தால் குறுக்கே அறுத்தேன். குழிக்கும் போர்ட்டுக்கும் நடுவில் எவ்வளவு கனம் இருக்கிறது என்று வெர்னியரில் அளந்த பிறகுதான் புது ஹெட்டைத் தொட்டேன்.

* வால்வு கைடுக்குள் நுழையும் பைலட் உள்ள கட்டர் போட்டேன். அப்போதுதான் குழி கைடோடு ஒரே மையத்தில் இருக்கும். கட்டர் மூலை கூராக இல்லாமல் சிறு வளைவோடு இருக்கணும். கூர் மூலையில்தான் விரிசல் பிறக்கும்.

* வேகம் குறைவு, சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய், ஒரு தடவைக்கு கால் மி.மீ. மட்டும். ஒவ்வொரு தடவையும் டெப்த் மைக்ரோமீட்டர்.

* முடிந்ததும் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, குழியில் கசிகிறதா என்று அரை மணி நேரம் பார்த்தேன். கசியவில்லை.

இன்னும் ஒரு விஷயம். குழி 1 மி.மீ. இறங்கினால் ஸ்பிரிங் அந்த அளவு தளரும். மி.மீ.க்கு 20 நியூட்டன் ஸ்பிரிங் என்றால் வால்வு மூடியிருக்கும்போது அழுத்தம் 20 நியூட்டன் குறையும். அதிவேகத்தில் வால்வு கேமைப் பின்தொடராமல் துள்ளும். அடியில் வாஷர் போட்டு ஈடுகட்டலாமா? கூடாது, வெட்டினதே வீணாகும்! கொஞ்சம் வலுவான ஸ்பிரிங்தான் வழி. அதையும் மாற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து அளக்கணும். கடைசியாக ராக்கர் முனை வால்வுத் தண்டின் நடுவில் நடக்கிறதா என்று மை தடவிப் பார்த்து, புஷ்ராடு இடைவெளியைச் சரி செய்தோம்.

மூன்றாவது உதையில் வண்டி பிடித்தது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தார்.

அறுத்த ஹெட்டின் ஒரு பாதி இப்போது என் மேசையில் இருக்கிறது. ஓட்டை நன்றாகத் தெரியும். ஜூனியர் தம்பி, தங்கைகள் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வரும்போது வெர்னியரைக் கொண்டு வாருங்கள்.