கீழடிக் கறுப்பு

கேள்வி: கார் உதிரிபாக ஆலையில் பெயின்ட் பிரிவில் வேலை பார்க்கிறேன். கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டின் கறுப்புப் பூச்சு இத்தனை நூற்றாண்டு எப்படித் தாங்கியது?
– வாசகர், ஒரகடம்

பதில்: உங்கள் வேலையில் இருப்பவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும்! வேலூர் விஐடி ஆய்வாளர்கள் 2020-இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் இதற்கு விடை சொன்னார்கள். கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளின் உட்புறக் கறுப்பில் அவர்கள் கண்டது கார்பன் நானோகுழாய்கள். தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியவை. ஆனால் அபார வலிமை கொண்டவை. பூச்சு நிலைத்ததற்கு அந்த வலிமையே காரணமாகலாம் என்கிறார்கள்.

பூச்சில் கார்பன் இருப்பதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. நிறமிகளை ஆராய வழக்கமாக உதவும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி இரும்பு, மாங்கனீசு போன்றவற்றைச் சட்டெனக் காட்டும், கார்பனைக் கோட்டைவிடும். அதனால் ராமன் நிறமாலையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியும் தேவைப்பட்டன. லேசர் ஒளி சிதறும் விதத்தை வைத்தே, பூச்சில் இருப்பது வெறும் புகைக்கரியா, குழாயாகச் சுருண்ட கார்பனா என்று ராமன் நிறமாலை பிரித்துச் சொல்லிவிடும்.

இந்தக் கார்பன் எங்கிருந்து வந்தது? குயவர் ஏதோ தாவரச் சாற்றைப் பூசிச் சுட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். நானோகுழாய் அவர் அறியாமல் விளைந்தது. ஆனால் எந்தச் சூளையில் எவ்வளவு சூடு, எவ்வளவு காற்று என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. அதே பானையின் வெளிப்புறம் சிவந்திருப்பதே சாட்சி: காற்றுப் பட்ட பக்கத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும், காற்றுப் புகாத பக்கம் கறுக்கும்.