வட்டமா உட்கார்ந்து ஒரு செய்யுள்

 

செய்யுளை நாம எதுக்குப் படிக்கிறோம்? மனப்பாடப் பகுதி, மார்க் வரும். அவ்வளவுதானே? ஆனால் மார்க்குக்காக இல்லாமல், ரசிப்பதற்காகவே ஒன்றாகக் கூடிக் கவிதை படித்தவர்கள் திருநெல்வேலியில் இருந்தார்கள்.

ரசிகமணி டி.கே.சி. (1882–1954) வக்கீலுக்குப் படித்தவர். வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்தில் வட்டமாகத் தொட்டி போல ஓர் இடம் இருந்தது. அங்கே நண்பர்கள் கூடிக் கம்பர் பாடல்களையும் மற்றக் கவிதைகளையும் வாய்விட்டுப் படித்துப் பேசுவார்கள். அதனால் அந்தக் கூட்டத்துக்கே 'வட்டத்தொட்டி' என்று பெயர் வந்தது. பின்னாளில் அவர் குற்றாலத்தில் குடியிருந்தபோதும் வீடு தேடி ரசிகர்கள் வந்தார்கள். எழுத்தாளர் கல்கியும் ராஜாஜியும் அவருடைய நண்பர்கள்.

இதை எங்கள் வீட்டிலும் செய்து பார்த்தேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விடியுமுன்னே ஜீப் ஏறிப் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா, சித்தி, அப்பத்தா எல்லாரையும் திண்ணையில் உட்கார வைத்து, 'வான்சிறப்பு' அதிகாரத்தின் ஐந்தாவது குறளை இரண்டு தடவை வாசித்தேன். "பெய்யாமல் கெடுப்பதும் மழை, பெய்து வாழ வைப்பதும் மழை" என்று பொருளும் சொன்னேன்.

அம்மா உடனே, "பேயாட்டி மட்டுமாத்தா கெடுக்கும்? விடாம பேஞ்சாலும் காய் அழுகி உதிர்ந்துரும். அப்புறம் எங்கள யாரு வேலைக்குக் கூப்புடுவா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது!

மறுநாள் தமிழம்மாவிடம் கேட்டேன். "பரிமேலழகர் உரையில் 'பெய்யாது நின்று' என்றுதான் இருக்கு. பரீட்சையில் அதை எழுது. உங்க அம்மா சொன்னதைச் சுவர் இதழில் எழுது" என்றார். எழுதிவிட்டேன்!

நீங்களும் செய்து பார்க்க:

1. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பாட்டு போதும்.
2. ஒருவர் சத்தமாக, நிதானமாக இரண்டு முறை வாசிக்கணும்.
3. நோட்ஸை மூடி வைக்கணும்.
4. ஒவ்வொருவரும் தோன்றியதைச் சொல்லணும். யாரும் சிரிக்கக் கூடாது.
5. கடைசியில்தான் உரையைப் பார்க்கணும்.

புத்தகத்தை எடுத்தாலே "எனக்கென்னத்தா தெரியும்" என்று எழுந்து போகிற அம்மா, நேற்று ராத்திரி அவராகவே கேட்டார்: "இன்னிக்கு என்ன பாட்டு?"

வெள்ளிக்கிழமை மாலை வேப்பமரத்தடியில் வட்டமா உட்காருவோம். உங்கள் வீட்டில் சொன்ன பொருளையும் கொண்டு வாங்க!

— 9-ஆம் வகுப்பு மாணவி