கரணம் கற்போம், முறையோடு கற்போம்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது" என்பது நம் பெரியோர் வாக்கு. இளமையில் உடல் எளிதில் வளையும் என்பது உண்மையே. ஆயினும், எப்படியேனும் வளைத்தால் போதும் என்று அப்பழமொழி கூறவில்லை. எலும்பும் தசையும் வளரும் பருவத்தில் முறை தவறி வளைத்தால் நன்மைக்கு மாறாகத் தீமையே விளையும். ஆகவே, சீருடற்பயிற்சியில் 'வாக்கோவர்' எனப்படும் கரணத்தைக் கற்கும் முறையை ஈண்டு நாம் ஆராய்வோம்.

வாக்கோவர் என்பது குட்டிக்கரணம் அன்று. குட்டிக்கரணத்தில் முதுகு தரையில் உருளும். இதிலோ முதுகு தரையைத் தொடுவதே இல்லை. கைகளைத் தரையில் ஊன்றி, உடலை வில்போல் வளைத்து, கால்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தலைக்கு மேலே கடத்தி, மீண்டும் நிமிர்ந்து நிற்க வேண்டும். முன்னோக்கிச் செய்வதும் உண்டு. பின்னோக்கிச் செய்வதும் உண்டு.

கரணம் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. பரத நாட்டிய சாத்திரம் நூற்றெட்டுக் கரணங்களை வகுத்துரைக்கின்றது. சிதம்பரம் கோயில் கோபுரங்களில் அவை 108-உம் சிற்பங்களாக உள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலில் 81 கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சியவற்றுக்குரிய கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. உடலை முறையாக வளைக்கும் கலையை நம் முன்னோர் கல்லில் வடித்துப் போற்றினர் என்பதற்கு இவை சான்றாகும்.

இனி, கற்கும் படிகளைக் காண்போம். மணிக்கட்டு, தோள், இடுப்பு ஆகியவற்றைப் பத்து நிமிடமேனும் அசைத்துச் சூடேற்றிய பின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

முதற்படி பாலம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, உள்ளங்கைகளைக் காதருகே வைத்து, விரல்கள் தோளை நோக்கியிருக்க, உடலை மேலே உயர்த்துக. முழங்கைகள் நிமிர்ந்து, தோள்கள் மணிக்கட்டுகளுக்கு நேர்மேலே வருதல் வேண்டும். வளைவு தோளிலும் மேல்முதுகிலும் இடுப்பின் முன்புறத்திலும் பகிர்ந்து அமைய வேண்டும். அடிமுதுகு மட்டும் ஒடிவதுபோல் வளைதல் பெருந்தவறு.

இரண்டாம்படி, சுவரோரம் கைகளால் நிற்றல். வயிறு சுவரை நோக்கியிருக்க, கால்களைச் சுவரில் படிப்படியாக ஏற்றிப் பத்து நொடி நிற்க வேண்டும். உடற்பாரத்தைத் தாங்கும் வலிமை தோள்களுக்கு இதனால் கிட்டும்.

மூன்றாம்படி, பாலத்திலிருந்து கடத்தல். கால்களை மடித்த மெத்தைமேல் உயர வைத்துப் பாலம் அமைத்து, ஒரு காலைத் தூக்கி, மறுகாலால் உந்தித் தலைக்கு மேலே கடத்துக. கால்கள் உயர்ந்திருப்பதால் கடத்துதல் எளிதாகும். பழகப்பழக மெத்தையின் உயரத்தைக் குறைக்கலாம்.

நான்காம்படியில்தான் நின்ற நிலையிலிருந்து பின்னோக்கி வளைய வேண்டும். அப்பொழுது ஆசிரியர் பக்கத்தில் நின்று, ஒரு கையை மாணவரின் இடுப்புக்குப் பின்னும், மறு கையைத் தூக்கும் தொடையின் அடியிலும் கொடுத்துத் தாங்குவார். கைகள் காதை ஒட்டியிருத்தல் வேண்டும். கண்கள் கைகளையே நோக்குதல் வேண்டும். முன்னோக்கிய கரணத்தை இதன் பின்னர்க் கற்கலாம். அதில் எழும்போது இடுப்பே முந்த வேண்டும். தலை இறுதியில் வர வேண்டும். தலையை முந்தித் தூக்கினால் உடல் பின்புறம் சாய்ந்து விழும்.

இப்படிகளைத் தாண்டிச் செல்ல ஒரு நாளில் இயலுமா? இயலாது. தெப்ராவில் பால்மரக் காடுகளிடையே உழைத்த குடும்பங்களின் வழிவந்தோர் நம்முள் பலர். பால்மரக் கன்றை நட்டவுடன் எவரும் அதில் கத்தி வைப்பதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்து, அடிமரம் போதிய பருமன் பெற்ற பின்னரே வெட்டத் தொடங்குவர். மரத்துக்குக் காட்டும் பொறுமையை நாம் மக்கட்கும் காட்ட வேண்டாமா? கைப்பேசியில் காணும் கரணம் சில நொடிகளே நிகழ்கிறது. அதன் பின்னே பல மாதப் பயிற்சி மறைந்துள்ளது. அதைக் கண்டவுடன் வீட்டின் பின்புறச் சிமெண்டுத் தரையில் தனியே செய்து பார்த்தல் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் கேடாகும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பின்னோக்கி வளையும்போது பிள்ளைக்கு அடிமுதுகில் வலி தொடர்ந்து வருமாயின் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஓயாமல் பின்வளைவதால் வளரும் பிள்ளைகளின் முதுகெலும்பில் நுண்ணிய முறிவு ஏற்படுவதுண்டு. "வலியைப் பொறுத்துக்கொள்" என்பது இங்கே நல்லுரை ஆகாது.

"பெண்பிள்ளைக்கு இஃது எதற்கு?" என்று வினவும் தாய்மாரும் உளர். நம் நாட்டு வீராங்கனை ஃபாரா ஆன் அப்துல் ஹாடி, 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவின் சார்பில் சீருடற்பயிற்சியில் போட்டியிட்டார். இந்தியாவின் திரிபுராவில் பிறந்த தீபா கர்மாகருக்கு இளமையில் தட்டைப் பாதங்கள் இருந்தன. குதித்து இறங்கும் இவ்விளையாட்டுக்கு அது பெரும் இடையூறு. அவர் தளராது பயின்று, 2016 ரியோ ஒலிம்பிக்கில் 15.066 புள்ளிகள் பெற்று, தாவுதல் பிரிவில் நான்காம் இடத்தை அடைந்தார். வெண்கலப் பதக்கம் 0.150 புள்ளியில் தவறியது. எனினும், ஒலிம்பிக் சீருடற்பயிற்சியில் பங்கேற்ற முதல் இந்தியப் பெண் என்னும் பெருமை அவருடையதாயிற்று.

எல்லாரும் ஒலிம்பிக்குக்குச் செல்வதில்லை. செல்ல வேண்டுவதும் இல்லை. ஒரு படியைச் செவ்வனே முடித்த பின்னரே மறுபடியில் கால் வைக்கும் பழக்கம், கணக்குக்கும் மொழிக்கும் வாழ்வுக்கும் உதவும். மாணவச் செல்வங்களே! மெத்தை விரித்து, ஆசிரியர் துணையோடு, முதலில் பாலம் அமைக்கப் பழகுங்கள். கரணம் தானே கைவரும்.