பாசி தின்னும் மீனும் ஓடும் தண்ணீரும்

நம் ஹாஸ்டல் பொது அறையில் இரண்டடி மீன் தொட்டி ஒன்று இருப்பது நீங்கள் அறிந்ததே. அது பச்சையாகிப் போய், மெஸ் ரசத்தோடு ஒப்பிட்டுக் கேலி செய்யப்பட்டதும் அறிந்ததே. அதைத் தெளிய வைக்கப் போய் நாங்கள் கற்றுக்கொண்டதில் பாதி நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

தொட்டி பச்சையானதும் வந்த முதல் யோசனை, "ரெண்டு சக்கர் வாங்கிப் போடுடா, அதுவே க்ளீன் பண்ணிடும்" என்பதுதான். போட்டோம். கண்ணாடியில் படிந்த பாசி குறைந்தது. தண்ணீரின் பச்சை மட்டும் அப்படியே நின்றது. கண்ணாடியிலும் கல்லிலும் ஒட்டி வளர்வது ஒரு பாசி. தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி வேறு. சக்கர் மீனின் வாய் சுரண்டித் தின்பதற்கென்றே அமைந்தது. மிதப்பதை அது என்ன செய்யும், பாவம்!

பொறுமையிழந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுத் தொட்டியையும் காலி செய்தோம். கூழாங்கல்லை அலசி, ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் வெள்ளையாகும்வரை பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்பினோம். பளிங்கு மாதிரி இருந்தது. நாலே நாளில் ஆறு மோலியில் நான்கு செத்து மிதந்தன. தினமும் அவற்றுக்குத் தீனி போட்டு வந்த வாட்ச்மேன் அண்ணன், "தண்ணிதான் இவ்ளோ சுத்தமா இருக்கே தம்பி, அப்புறம் ஏன்?" என்று கேட்டார். அன்று எங்களிடம் பதில் இல்லை.

பதில் இதுதான். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகினால் அம்மோனியா உண்டாகும். அது மீனுக்கு விஷம். ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது. அதுவும் விஷமே. இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகிறது. இதனால் மீனுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நாங்கள் "அழுக்கு" என்று பிழிந்து கொட்டியது அவற்றைத்தான்! குழாய்த் தண்ணீரின் குளோரின் மிச்சத்தையும் முடித்திருக்கும். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரிலேயே லேசாக அலச வேண்டும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும். நைட்ரேட் பாசிக்கு உரம் என்பதால் மாற்றாமலும் விடக்கூடாது. குளோரினுக்கு, கெமிஸ்ட்ரி லேபில் பார்த்த அதே ஹைப்போ உதவும்.

ஆக, சக்கர் பாசியைத் தின்று கழிவாக்கித் தருகிறது, அவ்வளவே. அந்தக் கழிவை பாக்டீரியா இருக்கும் இடத்துக்குக் கொண்டு போவது ஓடும் தண்ணீர். எனவே ஓட்டம்தான் உயிர். நம் தொட்டி 60 × 30 செ.மீ., தண்ணீர் உயரம் 25 செ.மீ. கணக்குப் போட்டால் 45 லிட்டர். மணிக்கு நாலைந்து முறை முழுத் தண்ணீரும் ஃபில்டர் வழியே சுற்ற வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அதாவது 180 முதல் 225 லிட்டர். பம்ப் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அது ஹெட் இல்லாதபோது கிடைப்பது. ஹைட்ராலிக்ஸ் லேபில் கலெக்டிங் டேங்க் வைத்து அளந்தோமே, அதேபோல் ஒரு லிட்டர் மக்கைப் பிடித்துப் பாருங்கள். 18 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 200 லிட்டர். எங்களுடையது நிறைய 40 விநாடி ஆனது, ஸ்பாஞ்ச் அடைத்திருந்தது.

வெளிவரும் தண்ணீர் மேற்பரப்பைச் சலசலக்க வைக்க வேண்டும். குமிழியிலிருந்து ஆக்சிஜன் கரைவது கொஞ்சம்தான். அந்தச் சலசலப்பில்தான் நிறையக் கரைகிறது. வெயில் காலத்தில் சூடான தண்ணீர் ஆக்சிஜனைக் குறைவாகவே பிடித்துவைக்கும் என்பதால் இது இன்னும் அவசியம். பெரிய கல்லின் பின்னால் கழிவு சேர்கிறதா? அங்கே ஓட்டம் இல்லை என்று பொருள். கல்லை நகர்த்துங்கள். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போனதும் சைஃபன் முறையில் தண்ணீர் பம்புக்குள் இறங்கிவிடும். தொட்டியை ஜன்னலை விட்டு நகர்த்தி, விளக்கை எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாமல் செய்ததில்தான் மிதக்கும் பச்சை போனது.

இனி மீன். சக்கர் கடையில் இரண்டு அங்குலம் இருக்கும், வளர்ந்தால் ஒன்றரை அடி! இரண்டடித் தொட்டிக்கு அது ஆகாது. அதே குடும்பத்து பிரிஸில்நோஸ் ஐந்து அங்குலத்தோடு நின்றுவிடும். ஓட்டோ இன்னும் சிறியது. நான்கைந்தாக, பழகிய தொட்டியில் மட்டும் விடவேண்டும். பாசி தீர்ந்தால் பட்டினி கிடக்கும், வெள்ளரித் துண்டு போடுங்கள். சைனீஸ் ஆல்ஜீ ஈட்டரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வளர்ந்தபின் பாசியை விட்டுவிட்டு மற்ற மீன்களின் மேல்தோலை உறிஞ்சப் போகும்.

வளர்ந்துவிட்ட சக்கரை மட்டும் தயவுசெய்து ஏரியில் விடாதீர்கள். தென் அமெரிக்க மீன் அது. உடம்பெல்லாம் கவசம் போல் தகடு, வலையைக் கிழிக்கும், கரையில் பொந்து தோண்டி முட்டையிடும். கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்கள் முதல் நம் ஏரிகள்வரை இப்படிப் பரவி, மீனவர் பிழைப்பைக் கெடுக்கிறது.

நம் சக்கர்கள் இரண்டும் இப்போது எட்டு அங்குலம். நாலடித் தொட்டிக்கு மேல் வைத்திருக்கும் டே ஸ்காலர் நண்பர்கள் யாரேனும் இருந்தால், வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லிவிட்டு வாளியோடு வாருங்கள்.