எல்லைக்கோட்டில் ரயில் நிலையம்: புகாரை எங்கே கொடுப்பது?

ராத்திரி சென்னையில் ரயில் ஏறுகிறீர்கள். பெங்களூரு போகணும். காலையில் வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு. ஜோலார்பேட்டையில் வண்டி நின்றபோது லேசாகக் கண் விழித்துப் பார்த்தீர்கள். பை தலைமாட்டில்தான் இருந்தது. மறுபடி அசந்து தூங்கிட்டீங்க. பங்காருப்பேட்டையில் விழிப்பு வந்தபோது பையைக் காணோம். ஃபோன் சட்டைப் பையில் இருந்ததால் தப்பியது. அசல் மதிப்பெண் பட்டியலும் பட்டச் சான்றிதழும் பையோடு போய்விட்டன.

ஜோலார்பேட்டை தமிழ்நாட்டின் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி வரும் குப்பம், ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். பங்காருப்பேட்டை, கர்நாடகாவின் கோலார் மாவட்டம். சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் மூன்று மாநிலங்கள். திருட்டு எந்த மாநிலத்தில் நடந்தது? உங்களுக்குத் தெரியாது. தூங்கிக்கொண்டிருந்தவருக்கு எப்படித் தெரியும்?

இந்த நிலைமையில் பலரும் பயப்படுவது ஒரே ஒரு பதிலுக்குத்தான்: "இது எங்க லிமிட் இல்லீங்க, அங்க போய்க் கொடுங்க." அந்தப் பதிலைக் கேட்டு நீங்கள் திரும்பி வர வேண்டியதில்லை. ஏன் என்பதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

ஒரே பிளாட்பாரம், ரெண்டு மாநிலம்

எல்லைக்கோடு ரயில் நிலையத்தின் நடுவிலேயே ஓடுவதும் உண்டு. சூரத்–புசாவல் பாதையில் உள்ள நவாபூர் அப்படிப்பட்ட நிலையம். நிலையத்தின் ஒரு பாதி மகாராஷ்டிராவின் நந்துர்பார் மாவட்டத்தில், மறு பாதி குஜராத்தின் தாபி மாவட்டத்தில். பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் ஒரு மாநிலப் பெயர், மறு பக்கம் இன்னொரு மாநிலப் பெயர் எழுதியிருப்பார்கள். ஆளுக்கொரு மாநிலத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். இந்தி, ஆங்கிலம், மராத்தி, குஜராத்தி என்று நான்கு மொழிகளில் அறிவிப்பு வரும்.

ரயில் நிலையம் வந்தபோது அங்கே அந்த எல்லையே கிடையாது. எல்லாம் பம்பாய் மாகாணம்தான். 1960 மே 1 அன்று பம்பாய் மாநிலம் மகாராஷ்டிரா, குஜராத் என்று பிரிந்தபோதுதான் கோடு நிலையத்தின் குறுக்கே விழுந்தது. நிலையம் இருந்த இடத்திலேயே இருந்தது; கோடு வந்து சேர்ந்தது.

டெல்லி–மும்பை பாதையில் உள்ள பவானி மண்டியும் இப்படித்தான். ராஜஸ்தானின் ஜாலாவார் மாவட்டமும் மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் மாவட்டமும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டிக்கெட் கொடுப்பவர் ஒரு மாநிலத்தில், டிக்கெட் வாங்க வரிசையில் நிற்பவர் இன்னொரு மாநிலத்தில் என்று அந்த ஊர்க்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

கேட்க வேடிக்கைதான். ஆனால் அந்த வரிசையில் நிற்கும்போது யாராவது பர்ஸை அடித்துவிட்டால்? அப்போது எல்லைக்கோடு வேடிக்கையாக இருக்காது.

உங்கள் காலடியில் மூன்று வரைபடங்கள்

ஒரு ரயில் நிலையத்தில் நிற்கும்போது நீங்கள் ஒரே நேரத்தில் மூன்று வரைபடங்களின் மேல் நிற்கிறீர்கள். குழப்பம் வருவதே இதனால்தான்.

முதல் வரைபடம்: மாநிலம், மாவட்டம். இது வருவாய் நிர்வாகத்துக்கான எல்லை. இதுவும் மாறும். 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்த ஜோலார்பேட்டை இன்று திருப்பத்தூர் மாவட்டம். அரக்கோணம் இன்று ராணிப்பேட்டை மாவட்டம்.

இரண்டாவது வரைபடம்: ரயில்வே கோட்டம். இது பாதையைப் பார்த்துப் போட்ட எல்லை, மாநிலத்தைப் பார்ப்பதில்லை. நம்ம பக்கத்திலேயே பாருங்கள்:

• ஓசூர் தமிழ்நாட்டில் இருக்கிறது. நிலையத்தை நடத்துவது தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டம்.
• கன்னியாகுமரியும் நாகர்கோவிலும் திருவனந்தபுரம் கோட்டத்தில் வருகின்றன.
• பொள்ளாச்சி, பாலக்காடு கோட்டம்.
• மறுபக்கமாக, செங்கோட்டையைத் தாண்டிக் கேரளாவுக்குள் இருக்கும் ஆரியங்காவு, தென்மலை நிலையங்கள் நம்ம மதுரைக் கோட்டத்தில்.

மூன்றாவது வரைபடம்: காவல். ரயில் நிலையத்தில் இரண்டு சீருடைகளைப் பார்ப்பீர்கள். ஒன்று ரயில்வே பாதுகாப்புப் படை, அதாவது ஆர்.பி.எஃப். இது மத்திய அரசின் படை. ரயில்வே சொத்துக்கும் பயணிகளுக்கும் பாதுகாப்பு தருவது, ரயில்வே சட்டப்படியான குற்றங்களைக் கவனிப்பது இவர்கள் வேலை. இன்னொன்று இருப்புப்பாதை காவல், அதாவது ஜி.ஆர்.பி. இது மாநிலக் காவல்துறையின் பிரிவு. திருட்டு, வழிப்பறி, தாக்குதல், பாலியல் தொல்லை போன்ற குற்றங்களுக்கு வழக்குப் பதிந்து விசாரிப்பது இவர்கள்தான்.

இப்போ ஒரு கணக்கு. ஓசூர் நிலையத்தில் குடிதண்ணீர் வரவில்லை என்றால் அது பெங்களூரு கோட்டத்தின் வேலை. அதே ஓசூர் நிலையத்தில் உங்கள் செயினை யாராவது பறித்தால் அது தமிழ்நாடு இருப்புப்பாதை காவல்துறையின் வேலை. இடம் ஒன்று, வரைபடம் வேறு.

சட்டம் எல்லைக்கோட்டை எப்படிப் பார்க்கிறது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. கைது செய்யப் பிடியாணை தேவைப்படாத வகைக் குற்றம் பற்றிய தகவலை, குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். இதைத்தான் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்கிறோம். வழக்கமான வரிசை எண் போடாமல் பூஜ்ய எண்ணில் பதிந்து, உரிய காவல் நிலையத்துக்கு அவர்களே அனுப்பி வைப்பார்கள். அனுப்புவது அவர்கள் வேலை. அலைவது உங்கள் வேலை அல்ல.

பையை ரயிலிலிருந்து திருடியது இந்த வகையில் வருமா? வரும். பயணிகள் வாகனத்திலிருந்து பொருள் திருடுவதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆவது பிரிவு தனியாகவே குற்றமாகச் சொல்கிறது.

இதே 173-ஆவது பிரிவில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை இன்னும் மூன்று:

• புகாரை வாயால் சொல்லலாம். அவர்கள் எழுதிப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். மின்னணு வழியிலும் அனுப்பலாம். அப்படி அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் பதிவாகும்.
• முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம். கேட்டு வாங்குங்கள்.
• பதிய மறுத்தால், அதே தகவலை எழுத்தில் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதிலும் நடவடிக்கை இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனு கொடுக்கலாம்.

வழக்கை எந்த ஊர் நீதிமன்றம் விசாரிக்கும் என்ற கவலையும் வேண்டாம். பயணத்தின் நடுவே நடந்த குற்றத்தை, அந்தப் பயணம் கடந்துபோன எந்த எல்லைக்குட்பட்ட நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்று சட்டத்திலேயே வழி இருக்கிறது.

சரி, அந்த நேரத்தில் என்ன பண்றது?

படி 1: முதலில் 139. பாதுகாப்புக்கும் மருத்துவ உதவிக்கும் 1-ஐ அழுத்துங்கள். முன்பு பாதுகாப்புக்குத் தனியாக இருந்த 182 எண் 2021-இல் இதோடு சேர்ந்துவிட்டது. பேச முடியாத நிலைமை என்றால் 'ரயில் மதத்' செயலியில் பி.என்.ஆர். எண்ணைப் போட்டுப் புகாரைப் பதியலாம். 'ரயில்ஒன்' செயலிக்குள்ளும் இந்த வசதி இருக்கிறது. கிடைக்கும் புகார் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: ரயில் மதத்தில் பதிவது எஃப்.ஐ.ஆர். ஆகாது. அது உதவிக்கான அழைப்பு மட்டும்.

படி 2: உயிருக்கு ஆபத்து என்றால் 112. எல்லைப் பகுதியில் உங்கள் ஃபோன் பக்கத்து மாநிலக் கோபுரத்தைப் பிடித்திருக்கலாம். அழைப்பு அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகலாம். அதனால் வேறு எதையும் சொல்வதற்கு முன் ரயில் எண், பெட்டி எண், கடைசியாகத் தாண்டிய நிலையம் மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

படி 3: இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி நிலையத்தில் நின்றால் பெயர்ப்பலகையைப் படம் எடுங்கள். நடுவழியில் நின்றால் பாதையோர மின்கம்பத்தைப் பாருங்கள். அதில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று கிலோமீட்டர், மற்றது அந்தக் கிலோமீட்டருக்குள் கம்பத்தின் வரிசை. அதைச் சொன்னாலே ரயில்வே ஊழியருக்கு இடம் துல்லியமாகப் புரியும். படம் எடுப்பதற்காகக் கதவில் தொங்கவோ கீழே இறங்கவோ வேண்டாம். ஜன்னல் வழியே தெரிந்தால் போதும்.

படி 4: பயணத்தை விட வேண்டாம். டிக்கெட் பரிசோதகர், ரயில் மேலாளர் (முன்பு கார்டு என்று அழைக்கப்பட்டவர்), பாதுகாப்புக்கு வரும் காவலர் ஆகியோரிடம் புகார்ப் படிவம் இருக்கும். "சார், எஃப்.ஐ.ஆர். ஃபாரம் கொடுங்க" என்று கேளுங்கள். நிரப்பிக் கொடுத்தால் அடுத்து வரும் காவல் நிலையத்தில் அவர்கள் சேர்ப்பிப்பார்கள். நடுராத்திரியில் தெரியாத ஊரில் இறங்க வேண்டிய அவசியம் இல்லை.

படி 5: புகாரில் 'எங்கே நடந்தது' என்ற இடத்தில் ஊகத்தை எழுதாதீர்கள். "ஜோலார்பேட்டையில் வண்டி நின்றபோது பை இருந்தது, பங்காருப்பேட்டையில் பார்த்தபோது இல்லை" என்று தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். எந்த நிலையத்துக் கேமரா பதிவை எந்த நேரத்துக்குப் பார்க்க வேண்டும் என்பது அந்த ஒரு வரியிலேயே கிடைத்துவிடும்.

பை கட்டாயம் கிடைத்துவிடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் புகார் நகல் கையில் இருந்தால்தான் மற்ற வேலைகள் நகரும். சான்றிதழின் மறுபிரதிக்கு விண்ணப்பிக்க அது வேண்டும். ஃபோன் போயிருந்தால், 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அதை முடக்கவும் அது வேண்டும். திருட்டு இல்லை, எங்கேயோ தவறவிட்டுவிட்டீர்கள் என்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் 'தொலைந்த ஆவண அறிக்கை' என்று தனி வசதி உண்டு. திருட்டுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

ஓடும் ரயிலில் குழந்தை பிறந்தால்?

எல்லைக்கோடு குறுக்கே வரும் இன்னொரு இடம் இது. குழந்தை பிறந்தது எந்த மாநிலம்? ஓடும் வாகனத்தில் நடந்த பிறப்பு, இறப்பு பற்றிய தகவலை, வண்டி முதலில் நிற்கும் இடத்தில் அதற்குப் பொறுப்பானவர் தெரிவிக்க வேண்டும் என்று பிறப்பு, இறப்புப் பதிவு விதிகள் சொல்கின்றன. ஆக, குப்பத்தைத் தாண்டிப் பிறந்த குழந்தையின் தகவல், வண்டி அடுத்து நிற்கும் ஊரில் பதிவாகணும். அம்மாவின் சொந்த ஊரில் இல்லை.

குடும்பத்தார் செய்ய வேண்டியது: முதலில் நின்ற நிலையத்தின் பெயர், நேரம், உதவிய ஊழியரின் பதவி ஆகியவற்றைக் குறித்து வைப்பது. 21 நாளுக்குள் பதிவு ஆகிவிட்டதா என்று உறுதிசெய்வது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை தொடங்கிப் பல இடங்களில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். இதைத் தள்ளிப் போட்டால் பின்னால் பிள்ளைதான் அலைய நேரும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

1. ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் நடுவே புறநகர் ரயிலில் ஒருவர் உங்களிடம் தவறாக நடந்துகொள்கிறார். ஆரம்பாக்கம் தமிழ்நாடு, தடா ஆந்திரா. யாரிடம் போவது?
விடை: உடனே 139 அல்லது 112. பிறகு இரு பக்கமும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

2. பொள்ளாச்சி நிலையத்தில் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. தமிழ்நாடு காவல்துறையிடம் சொல்லலாமா?
விடை: இது சேவைக் குறை. ரயில் மதத்தில் நிலையப் பிரிவில் பதியுங்கள். அது பாலக்காடு கோட்டத்தின் பார்வைக்குப் போகும்.

3. "இது எங்க லிமிட் இல்லீங்க" என்கிறார்கள். என்ன சொல்வீர்கள்?
விடை: "173-ஆவது பிரிவுப்படி ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு, நகல் ஒன்று கொடுங்க சார்." குரலை உயர்த்த வேண்டியதில்லை. நிதானமாகச் சொன்னால் போதும்.

இன்றே ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். 139, 112 இரண்டையும் வீட்டில் உள்ள பெரியவர்கள் ஃபோனிலும் சேமித்துக் கொடுங்கள். அசல் சான்றிதழ்களைப் படம் எடுத்தோ, கிடைக்கும் ஆவணங்களை டிஜிலாக்கரில் சேர்த்தோ வையுங்கள். அடுத்த முறை ரயில் மாநில எல்லையைத் தாண்டும்போது உங்களுக்குத் தூக்கம் வரலாம், தாராளமாகத் தூங்குங்கள். பையின் வாரை மட்டும் கையில் சுற்றிக்கொண்டு தூங்குங்கள்.